சத்தம் போடாத விசிறியும் ஒரு பிசிக்ஸ் டீச்சரும்

வாத்தியார் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு விஷயத்தைப் படித்துவிட்டால் அதைச் செய்யவும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். படித்ததை நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அதைக் கண்டுபிடித்ததே நாம்தான் என்கிற மாதிரி ஒரு நடை வந்துவிடும். பதினோரு வருடம் பிசிக்ஸ் டீச்சராக இருந்ததில் எனக்கு இந்த வியாதி நன்றாகவே முற்றியிருந்தது. அது எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். (முழுசாக இறங்கவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.)

நான்கு வருடத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துபோய் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளை நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். "ஜூனுக்கு மேல பாத்துக்கலாம் டீச்சர்" என்றார் தாளாளர். அந்தப் 'பாத்துக்கலாம்' என்றால் என்னவென்று புரியாத வயசில்லை எனக்கு. வேறு வேலை தேடினேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் உடனே வரச் சொன்னார்கள். ஆனால் அங்கேயே தங்க வேண்டும், மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரலாம். இன்னொன்று, சென்னையில் இருக்கிற ஆன்லைன் வகுப்பு கம்பெனி. அதில் வேலை கிடைத்தால் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே பாடம் எடுக்கலாம்.

எனக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. என் வீட்டுக்காரர் மாரிமுத்து, பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். மகள் கயல் அப்போது மூன்றாம் வகுப்பு. நான் கோயம்புத்தூருக்குப் போய்விட்டால் காலையில் அவளுக்குத் தலை பின்னி, சோறு கட்டிக் கொடுத்து, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட ஆள் கிடையாது. அதைவிட, அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு மாதம் இருப்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மாரிமுத்து இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. "போறதுன்னா போ, நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். தாளாளருடைய 'பாத்துக்கலாம்' மாதிரிதான் அதுவும் என் காதில் விழுந்தது.

சென்னை கம்பெனி எனக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னது. நான் ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கேட்டுக்கொண்டிருந்த மேடம் நிறுத்தினார்.

"மேடம், பின்னாடி மிக்ஸி ஓடுதா?"

"இல்லையே மேடம்."

"கிரைண்டர்?"

அதுவும் இல்லை. ஓடியது என் கம்ப்யூட்டர். நான் பி.எட். முடித்த வருடம் வாங்கிய டெஸ்க்டாப் அது. உள்ளே ப்ராசஸர் என்று ஒரு சில்லு இருக்கிறது, கம்ப்யூட்டரின் மூளை அதுதான். வேலை செய்யச் செய்ய அது சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்க அதன் தலையில் கூலர் என்று ஒரு குட்டி விசிறி இருக்கும். என்னுடைய விசிறி வயசாகி, எப்போது பார்த்தாலும் புலம்பிக்கொண்டே சுற்றும். பல வருடமாகக் கேட்டுக் கேட்டு எங்கள் காதுக்கு அது மரத்துப் போயிருந்தது. சென்னையில் இருந்தவருக்கு மரத்துப் போகவில்லை.

"உங்க பாடம் நல்லா இருக்கு மேடம். ஆனா பிள்ளைங்களுக்கு உங்க குரல் மட்டும்தான் கேக்கணும். பத்து நாள் கழிச்சு சனிக்கிழமை இன்னொரு தடவ பாக்கலாம். அதுதான் கடைசி" என்று வைத்துவிட்டார்.

புது லேப்டாப் வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். புது லேப்டாப் வாங்குகிற நிலைமையில் இருப்பவர்கள் அந்த மாதிரி வேலை தேட மாட்டார்கள்.

ஆக, பத்து நாளுக்குள் சத்தமில்லாத ஒரு கூலர் கண்டுபிடித்து மாட்ட வேண்டும். வேறு யாராவது என்றால் ஒரு கடைக்குப் போய்க் கேட்டிருப்பார்கள். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். விடைத்தாள் திருத்தும் நேரம் போக மீதி நேரமெல்லாம் கூலரைப் பற்றியே படித்தேன். சத்தத்தை அளக்கும் ஒரு ஆப்பைப் போனில் இறக்கி, வீட்டில் இருக்கிற அத்தனை பொருளையும் அளந்தேன். சிபியு பெட்டி, மிக்ஸி, பழைய பிரிட்ஜ், பிறகு செம்பட்டி விவசாயி ஒருவரோடு மல்லிகைப்பூ விலை பேசிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். (அவர்தான் முதலிடம். மிக்ஸி பக்கத்தில்கூட வரவில்லை.)

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சாப்பாட்டு நேரத்தில் வீட்டாருக்கு வகுப்பும் எடுத்தேன். சின்ன விசிறி வேகமாகச் சுற்றினால்தான் சத்தம் வரும், பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே அதே அளவு காற்றைத் தள்ளிவிடும் என்று தட்டில் விரலால் படம் போட்டுக் காட்டினேன். தண்ணீரில் குளிரவைக்கும் கூலர்கூட இருக்கிறது என்று சொன்னபோது மாரிமுத்து சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"எந்தத் தண்ணி? நம்ம குழாய்த் தண்ணியா? மனுசனுக்கே வாரத்துக்கு ஒரு தடவதான் வருது."

"அது உள்ளயே சுத்துற தண்ணிங்க. நீங்க சாப்புடுங்க."

"பேசாம பெட்டியத் தொறந்து வச்சு டேபிள் ஃபேனப் போட்டுவிடேன்."

"டேபிள் ஃபேன் சத்தம் போடாதா?"

"அதுவும் சரிதான்" என்று மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். அவரிடம் இது ஒரு நல்ல குணம். சரியென்று பட்டால் ஒத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். அப்போது அது எனக்கு விவரமில்லாத்தனமாகத் தெரிந்தது.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கோபுரம் மாதிரி உயரமாக, மெல்லிய அலுமினியத் தகடுகளை அடுக்கி, நடுவில் செம்புக் குழாய்கள் ஓட, பக்கத்தில் ஒரு பெரிய விசிறியோடு இருக்கும் கூலர். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெயராஜ் அண்ணனிடம் சொல்லி மதுரையிலிருந்து வரவழைத்தேன். அவர் முதலில் கலர் கலராக விளக்கு எரியும் ஒன்றை எடுத்துக் காட்டினார். "எனக்கு வெளிச்சம் வேணாம்ணே, அமைதி வேணும்" என்றேன். ஏதோ தேவாலயத்தில் நின்று பேசுகிற மாதிரி அவரும் பயபக்தியோடு தலையாட்டினார்.

"சாயந்தரம் வீட்டுக்கு வந்து மாட்டித் தாரேன் டீச்சர். செத்த நேரத்து வேலதான்."

"வேணாம்ணே, நானே மாட்டிக்கிறேன். நான் பிசிக்ஸ் டீச்சர்."

"அதுக்கில்ல டீச்சர். அந்தப் பேஸ்ட்டு மட்டும் பாத்து..."

"தெரியும்ணே" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

உண்மையிலேயே தெரியும். ப்ராசஸரின் மேல்பக்கமும் கூலரின் அடிப்பக்கமும் பார்க்க வழவழவென்று இருந்தாலும் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் உண்டு. இடுக்கில் காற்று தங்கினால் சூடு மேலே ஏறாது. அதனால் நடுவில் தெர்மல் பேஸ்ட் என்ற பசையைத் தடவ வேண்டும். சில கூலர்களில் கம்பெனியே தடவி அனுப்பிவிடும், சிலவற்றில் ஒரு சின்ன டியூப்பில் தனியாகக் கொடுப்பார்கள். இவ்வளவும் அத்துபடி.

வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டி வீட்டுக்கு வந்தது. மூடியைத் திறந்து மேலோட்டமாகக் காட்டிவிட்டு, "இது ரொம்ப நுணுக்கமான சாமான். நாளைக்கு நான் ஸ்கூல்ல இருந்து வந்துதான் மாட்டணும். அதுவரைக்கும் இதுல யார் கையும் படக் கூடாது" என்று உத்தரவு போட்டேன். கயலைப் பார்த்து ஆரம்பித்து மாரிமுத்துவைப் பார்த்து முடித்தேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் எது புதிதாக வந்தாலும் அதற்குச் சந்தனம் குழைத்து ஒரு பொட்டு, அதன் நடுவில் கொஞ்சம் குங்குமம் வைக்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. கடைத் தராசு, என் ஸ்கூட்டி, பிரிட்ஜ், குக்கர், எதுவும் தப்பியது இல்லை. இதெல்லாம் அதிசயமா என்ன, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதிசயமில்லாததால்தான் அது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தவுடன் முகத்தைக்கூடக் கழுவாமல் வேலையில் இறங்கினேன். பக்கத்து அறையில் மாரிமுத்து சாமி படங்களுக்குப் பூ சாத்தி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் எல்லாமே மணக்கும் என்பதால் மூக்கை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சிபியு பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தேன். பழைய விசிறியைக் கழற்றினேன். ப்ராசஸரின் மேல் காய்ந்துபோயிருந்த பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். அது சாம்பல் நிறத்தில் இருந்தது. (இதைக் கொஞ்சம் கவனத்தில் வையுங்கள். நான் வைக்கவில்லை.)

பிறகு புதுக் கூலரைக் கவிழ்த்துப் பார்த்தேன். செம்பு பளபளவென்றிருந்தது. நடுவில் காசு அகலத்துக்கு வட்டமாக, கெட்டியாக, பேஸ்ட் தடவியிருந்தது.

"ஆகா! கம்பெனியிலயே போட்டுத்தான் அனுப்பியிருக்கான்" என்றேன். பெட்டிக்குள் ஒரு சின்ன டியூப்பும் கிடந்தது. அடுத்த தடவைக்கு ஆகும் என்று கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல கம்பெனி, என்று மெச்சிக்கொண்டு அதை மருந்து டப்பாவில் போட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயல் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, பழசு சாம்பக் கலர்ல இருந்துச்சு. இது ஏன் இப்படி இருக்கு?"

"அது சாதா. இப்படிச் சந்தனக் கலர்ல வந்தா ஒசத்தி."

"நடுவுல செகப்பா இருக்கே?"

"அது குறிடி. ப்ராசஸரோட நடுப்பகுதி சரியா இங்க வரணும்னு காட்டுறதுக்கு. எம்புட்டு அக்கறையா பண்ணியிருக்கான் பாரு."

கயல் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். "நம்ம பிரிட்ஜ்லயும் இதே குறி இருக்கும்மா."

கேள்வி கேட்கிற பிள்ளைதான் விஞ்ஞானியாக வரும் என்று பதினோரு வருடமாக வகுப்பில் சொல்லி வந்தவள் நான். அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "பேசாம அந்த டார்ச்ச நேராப் பிடி."

நான்கு திருகாணியையும் இறுக்கி, பெட்டியை மூடி, சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தேன். பெரிய விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் ஓடும்போது அந்த அறையில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது அத்தனை வருடத்தில் அதுதான் முதல்முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாரிமுத்துவும் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "செல்வி, சாதிச்சுட்ட" என்றார். ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். சும்மா ஓடுகிற கம்ப்யூட்டருக்கும் வேலை செய்கிற கம்ப்யூட்டருக்கும் சூட்டில் வித்தியாசம் உண்டு என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தவை எல்லாம் அன்றைக்கு விடுமுறையில் போயிருந்தன.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு. அன்றைக்குப் பெரிய முகூர்த்தம், பூ மார்க்கெட்டில் கால் வைக்க இடம் இருக்காது. மாரிமுத்து கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஒன்பது மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். "நீ பாடம் எடுக்கிற நேரம் யாராச்சும் பெல்ல அடிச்சுட்டா?" என்று வாசலில் போய் நின்றுகொண்டார். கயலைச் சமையலறையில் உட்காரவைத்து, மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருந்தோம். நான் சீலிங் ஃபேனையும் அணைத்துவிட்டு, அந்த வெயில் காலத்தில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்தேன்.

எனக்குக் கொடுத்திருந்த பாடம் வெப்பக் கடத்தல். இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்று குதூகலித்திருந்தேன்.

முதல் ஐந்து நிமிடம் அருமையாகப் போனது. "இப்பதான் மேடம் உங்க குரல் தெளிவா இருக்கு" என்று மேடமே சொன்னார். படங்கள், வீடியோ, நான் எழுதுகிற பலகை, எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. ப்ராசஸருக்கு அப்போதுதான் நிஜமான வேலை வந்தது. கூலர் மெதுவாக முனகியது. நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். அதுவும் உயர்த்தியது. இப்படி இரண்டு பேரும் மாறி மாறி உயர்த்திக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நான் கத்திக்கொண்டிருந்தேன். வேடசந்தூர் மில்லுக்குள் நின்று பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது.

"மேடம், வீட்டுக்கு மேல ஹெலிகாப்டர் ஏதாவது போகுதா?"

"இல்ல மேடம், இப்ப நின்னுரும்!"

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாசனை வந்தது. கருகல் வாடையாக இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். வந்தது கோயில் வாசனை. இதமான, குளிர்ச்சியான, நல்ல சந்தன வாசனை. வெளியே மாரிமுத்து ஊதுபத்தி கொளுத்தி வேண்டிக்கொள்கிறார் போல என்று நினைத்து எனக்குத் தைரியம்கூட வந்தது.

"ஆக மாணவர்களே, சூடான பொருளுக்கும் குளிர்ந்த பொருளுக்கும் நடுவில் சரியான தொடர்பு இல்லையென்றால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

திரை அணைந்தது. விசிறி நின்றது. கடிகாரச் சத்தம் மறுபடி கேட்டது.

போன் அடித்தது. மேடம்தான். நான் யோசிக்கவே இல்லை. ஊரில் எல்லோருக்கும் கைவசம் இருக்கிற பொய் என் வாயிலும் தயாராக இருந்தது.

"கரண்டு போயிருச்சு மேடம்."

"கரண்டு போறதுக்கு முன்னாடி அவ்வளவு சத்தம் போடுமா மேடம்?" என்றார். பிறகு, "என்னன்னு பாத்துட்டு ஒரு மணி நேரத்துல எனக்குச் சொல்லுங்க. இல்லாட்டி இத்தோட முடிச்சுக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

பெட்டியைத் திறந்தேன். ஆவி மாதிரி சந்தன மணம் முகத்தில் அடித்தது. கூலரைக் கழற்றித் திருப்பினேன். பழுப்பேறி, வெடிப்பு விட்டு, ஓரம் உதிர்ந்துபோன வட்டம். நடுவில் அந்தச் சிவப்புக் குறி மட்டும் அப்படியே இருந்தது. விரலால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். அப்புறம் கூலரைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

"இது என்ன?"

மாரிமுத்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

"பொட்டு. நேத்து மத்தியானம் நாந்தான் வச்சேன். நீ பாக்கலயா?"

பிறகு நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத மாட்டேன். எழுதக் கூசுகிறது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதை மறைத்தால் மீதியைச் சொல்வதில் அர்த்தமில்லை. "பூக்கடைக்காரர்கிட்ட வேற என்னத்த எதிர்பாக்க முடியும்? வண்டிக்கும் பொட்டு, தராசுக்கும் பொட்டு! இது மிஷினுங்க! நான் படிச்சவ, ராப்பகலா உக்காந்து படிச்சுப் படிச்சு மாட்டினத இப்படி நாசம் பண்ணிட்டீங்களே!" என்று, தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். சமையலறை வாசலில் கயல் நின்றிருந்தாள்.

மார்க்கெட்டில் நூறு பேர் சத்தத்துக்கு மேல் சத்தம் போடுகிற மனிதர், எனக்குப் பதில் சத்தம் போடவில்லை.

"நீ கை படக் கூடாதுன்னு சொன்னேல்ல. அதான் கை படாம, தீக்குச்சியில தொட்டு வச்சேன்" என்றார்.

நான் கூலரை மறுபடி திருப்பிப் பார்த்தேன்.

"மேல பிளாஸ்டிக் தாளு ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. பிளாஸ்டிக்குக்குப் பொட்டு வச்சு என்ன பிரயோசனம்னு அதப் பிரிச்சுட்டு வச்சேன். பளபளன்னு அதுதான் மூஞ்சின்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எப்படியாச்சும் இந்த வேல உனக்குக் கெடைக்கணும்ல செல்வி. நீ கோயம்புத்தூருக்குப் போயிட்டா நானும் பிள்ளையும் என்னத்தச் செய்யுறது?" என்றார்.

அத்தனை வாரத்தில் அவர் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். 'போறதுன்னா போ' என்று சொன்னவர் மனசுக்குள் என்ன வைத்திருந்தார் என்று நான் கேட்கவும் இல்லை. கூலரின் செம்பு இன்னும் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் செய்தது அவருக்குத் தெரிந்த ஒரே உதவி. அதையும் என் உத்தரவை மீறாமல், ஒரு தீக்குச்சியை வைத்துச் செய்திருக்கிறார். நான் என்ன செய்தேன்? சாம்பல் நிறப் பேஸ்ட்டைத் துடைத்த அதே கையால் சந்தனத்தைப் பார்த்து, அதற்குச் சந்தனக் கலர் என்று பெயரும் வைத்து, குங்குமத்துக்கு விளக்கமும் கொடுத்து, உண்மையான பேஸ்ட்டை மருந்து டப்பாவில் போட்டவள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிரிட்ஜ் ஞாபகம் வந்தது. எனக்கு வரவில்லை.

"மன்னிச்சிருங்க" என்றேன். எங்கள் பக்கம் கணவன் மனைவிக்குள் அந்த வார்த்தையைப் புழங்குவதில்லை. அவர் பதறிப்போய், "ஏ, அதெல்லாம் எதுக்கு? இப்ப என்ன பண்ணணும் சொல்லு" என்றார்.

கயல் அதற்குள் மருந்து டப்பாவோடு வந்து நின்றாள்.

மூன்று பேருமாக உட்கார்ந்து சுத்தம் செய்தோம். நான் ப்ராசஸரைத் துடைத்தேன், மாரிமுத்து கூலரைத் துடைத்தார். டியூப்பிலிருந்து பயறு அளவு பேஸ்ட்டை வைத்து மறுபடி மாட்டினோம். சூடு மீறியதும் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்திருந்ததால் எதுவும் கருகவில்லை, சுவிட்சைப் போட்டதும் சத்தமில்லாமல் ஓடியது. பிறகு மேடத்துக்குப் போன் போட்டு, கரண்டு போகவில்லை, நான் சொன்னது பொய் என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னேன்.

"சந்தனமா?"

"ஆமா மேடம்."

"குங்குமமுமா?"

"ஆமா மேடம். நடுவுல."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு அவரே சொன்னார். "நீங்க என்ன பாடம் எடுத்துட்டு இருந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

"வெப்பக் கடத்தல் மேடம்."

"கரண்டுன்னு சொன்னீங்களே, அது எனக்குப் பிடிக்கல. இதச் சொன்னது பிடிச்சிருக்கு. திங்கக்கிழமை அதே பாடத்த எடுங்க. இந்தக் கதையச் சொல்லியே எடுங்க."

திங்கட்கிழமை எடுத்தேன். கூலர் ஒரு மணி நேரமும் வாயைத் திறக்கவில்லை. வேலை கிடைத்தது. கோயம்புத்தூர்ப் பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் கயலுக்குத் தலை பின்னிவிடும்போது கொஞ்சம் அழுதேன். எதற்கு இப்படி இழுத்துப் பின்னுகிறாய் என்று அவள் திட்டினாள்.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைத்திருந்தேன். கயல் இப்போது ஏழாவது படிக்கிறாள். போன மாதம் அவள் அறிவியல் டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். சின்ன வயசு, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். விடைத்தாளை எடுத்துக் காட்டினார். வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளுக்கு ஒரு எடுத்துக்காட்டு என்ற கேள்விக்குக் கயல் 'குழைத்த சந்தனம்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்திருந்தது.

"மரம், பிளாஸ்டிக், கம்பளின்னு புத்தகத்துல இருக்கு மேடம். அத எழுதச் சொன்னா, இல்ல மிஸ், எங்க வீட்ல சோதன பண்ணிப் பாத்தாச்சுன்னு சண்டைக்கு வாரா. யாரு மேடம் இந்தச் சோதனையெல்லாம் பண்ணது?"

நானும் ஒரு டீச்சர் என்ற மரியாதையைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு பதிலை மனசுக்குள் தயாரித்தேன். அதற்குள் பக்கத்தில் நின்றவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா பொட்டு வச்சாரு மிஸ். அம்மா அதப் பாத்தாங்க. அப்பா பக்கத்து ரூம்லதான் இருந்தாரு. ஒரு வார்த்த கேக்கல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் விடைத்தாளைப் பார்த்தேன். பிறகு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. சிரித்து முடித்துவிட்டு, அடித்த மார்க்கைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார்.

கயல் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னதுதான் தாமதம், அவர் அதைப் பிடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் நான் எதையாவது அடித்துப் பேச ஆரம்பித்தால், அது மோட்டார் ரிப்பேராக இருக்கட்டும், கயலின் காய்ச்சலுக்கு மருந்தாக இருக்கட்டும், இரண்டு பேரும் ஒன்றுபோல, "பக்கத்து ரூம்ல கேட்டாச்சா?" என்கிறார்கள். சொந்தக்காரர்கள் வரைக்கும் பரவிவிட்டது. போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், சாம்பாருக்கு உப்பு போதும் என்று சொன்னதற்குக்கூட ஒரு நாத்தனார் அதைக் கேட்டார்.

நானும் எழுந்து போய்க் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். பாதி நேரம் அவர் சொல்வது தப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.